பூப்போல ஒரு ஹெல்மெட்

ஜூலை 20, திங்கள்

இந்த டைரி உரக்கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. பீரோ மேல் சும்மா கிடந்தது. தங்கச்சி மகள் அபிநயா இன்று தூசி தட்டி என் கையில் கொடுத்தாள். "மாமா, நீங்க பேசுறதைக் கேக்க வீட்ல ஆள் பத்தலை. மிச்சத்தை இதுல எழுதுங்க" என்றாள். காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளை. வாய் கொஞ்சம் நீளம். என் பக்கத்துச் சொந்தம், அப்படித்தான் இருக்கும்.

நான் எட்டாவது படித்தவன். எட்டாவதை இரண்டு தடவை படித்ததால் கணக்குப்படி ஒன்பதாவது. பேச்சைக் கேட்கிறவர்கள் பி.ஏ. என்றுதான் நினைக்கிறார்கள்.

பெயர் இசக்கியப்பன். கோவில்பட்டிச் சுற்று வட்டாரத்தில் 'தெர்மாகோல் இசக்கி' என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். கல்யாண மேடை அலங்காரம் என் தொழில். மணமக்கள் பெயர், அன்னம், அரண்மனைத் தூண் எல்லாம் தெர்மாகோலில் வெட்டி நிறுத்துவேன். ஒரு முறை நான் வெட்டி வைத்த மயிலைப் பார்த்து நிஜ மயில் ஒன்று மண்டபத்துக்குள் வந்து, திரும்பிப் போகவே மறுத்துவிட்டது. இதற்குச் சாட்சி என் தங்கச்சி பேச்சியம்மாள். அவள் அதை நேரில் பார்த்ததில்லை. ஆனால் நான் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

இருப்பது பேச்சி வீட்டு மாடியில். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பல இடங்களில் பெண் பார்த்தோம். என்னை மாப்பிள்ளையாக வைத்துத் தாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை.

இப்போது ஆடி. ஆடியில் ஊரில் யாரும் தாலி கட்டுவதில்லை. ஆகவே ஆவணி பிறக்கும்வரை எனக்கு ஓய்வு. பெரிய அதிகாரிகளுக்கும் இப்படித்தான் லீவு கொடுப்பார்கள் என்று கேள்வி.

இன்று ஒரு பிரச்சினை. பைபாஸில் பைக்கின் பின்னால் உட்காருகிறவர்களும் ஹெல்மெட் போட வேண்டும் என்று போலீஸார் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். பள்ளிக்கூடம் பைபாஸைத் தாண்டி வடக்குப்பட்டியில். அவள் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை கொம்பையாதான் தினமும் பைக்கில் கொண்டுபோய் விடுவார். சாம்பார் அண்டாவைத் தூக்கி இறக்கியே அவளுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த ஹெல்மெட்டை இன்றைக்குப் போட்டுப் போய் வந்தவள், தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான் இருக்கும்போது நீ ஏன் பிள்ள கஷ்டப்படுத? ரெண்டு நாள் பொறு" என்றேன்.

என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கும் தெரியாது. முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கண்டுபிடிப்பது என் வழக்கம்.

ஜூலை 21, செவ்வாய்

மாடியைக் கூட்டினேன். காற்று கூட்டியதைத் திரும்பக் கொண்டுவந்தது. யோசித்தேன்.

ஜூலை 22, புதன்

இன்றைய தேதிக்குக் கவர்மெண்ட் பிற்காலத்தில் லீவு விட்டாலும் விடும்.

மாப்பிள்ளையின் பழைய ஹெல்மெட் ஒன்று கண்ணாடி உடைந்து கட்டிலுக்கடியில் கிடந்தது. ரம்பத்தால் இரண்டாகப் பிளந்தேன். உள்ளே துணி. துணிக்குக் கீழே பஞ்சு. பஞ்சுக்குக் கீழே விரல் தடிமனுக்குக் கறுப்பாக ஒன்று. நகத்தால் கீறினேன். மணி மணியாக உதிர்ந்தது.

தெர்மாகோல். நம்ம சரக்கு!

உலகமே இத்தனை வருஷமாக என் தொழிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அபிநயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் துண்டைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தாள்.

"மாமா, இது நல்லா இறுக்கிச் செஞ்சது. நீங்க மேடைக்கு வெட்டுறது வேற. அதுபோக மேல ஓடு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?"

"மழைக்கு" என்றேன்.

"மழைக்கா?"

"பின்னே? உள்ள நனையாம இருக்கணும்ல. மிச்சமெல்லாம் கம்பெனிக்காரன் எடையைக் கூட்டி விலையைக் கூட்டுற வேலை."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். படித்தவர்களுக்கு ஒரு விஷயம் சுலபமாக இருந்தால் பிடிக்காது.

தெர்மாகோல் ஷீட்டுகளைப் பசை தடவி அடுக்கி, காயவைத்து, சூட்டுக் கம்பியால் வெளிப்பக்கம் உருண்டையாகவும் உள்பக்கம் குடைவாகவும் அறுத்தேன். மேலே காகிதம் ஒட்டிக் கறுப்புச் சாயம் அடித்தேன். பள்ளிக்கூடப் பையின் நாடாவைத் தாடைக்குக் கோத்தேன். நாலடி தள்ளி நின்று பார்த்தால் பிளந்து கிடந்த ஹெல்மெட்டுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. கையில் எடுத்தால் அப்பளம்.

பேச்சி போட்டுப் பார்த்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"அண்ணே, தலையில இருக்குற மாதிரியே தெரியலையே!"

"அதான் இதுல விசேஷம். லாரி ஏறினாலும் நசுங்காது" என்றேன்.

இரண்டாவது வாக்கியம் தானாக வந்தது.

ஜூலை 25, சனி

வெற்றி. வியாழனும் வெள்ளியும் பேச்சி பைபாஸ் வழியாகப் போய் வந்தாள். போலீஸ்காரர் தூரத்தில் நின்றபடி போ என்று கை காட்டினாராம். சல்யூட் அடித்திருப்பார். அவளுக்கு அது விளங்கியிருக்காது.

பள்ளிக்கூடத்து ஆயா ஒன்று கேட்டாளாம். அவள் வீட்டுக்காரர் இரண்டு கேட்டாராம். அப்போதுதான் எனக்கு முழுத் திட்டமும் கண்முன் வந்து நின்றது. காகிதக் கப்பில் டீ குடிக்கிறோம், தூக்கிப் போடுகிறோம். ஊரிலிருந்து மாமியார் வருகிறாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பைக்கில் கூட்டிப் போக வேண்டும். அந்த ஒரு பயணத்துக்காகக் கனத்த ஹெல்மெட்டை யார் வாங்குவார்? மாமியாருக்கு ஒன்று மாட்டு, வீடு வந்ததும் தூக்கிப் போடு. எண்ணெய், பேன், வியர்வை, அடுத்தவர் வாடை எதுவும் கிடையாது.

ரேடியோ செட் லூர்து வந்தான். முப்பது வருஷச் சிநேகிதன். கல்யாணத்தில் அவன் ஒலி, நான் அலங்காரம். ஆடியில் எனக்குத்தான் லீவு, அவனுக்குக் கோவில் கொடைத் திருவிழாக்களில் ஓயாத வேலை. ஹெல்மெட்டைக் கையில் எடுத்து ஊதினான். அது நகர்ந்தது.

"வே, இதுவும் உம்ம பேச்சு கணக்கால்லா இருக்கு. ஊதினாப் பறக்கு."

"பொறாமை."

"எனக்கென்ன வே பொறாமை? நீரு சொல்லுததுல பாதியை இன்னைக்குக் கழிச்சுட்டு மீதியை நாளைக்குக் கழிக்கிறவன் நான்."

என் பேச்சை ஊரில் எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள். மாப்பிள்ளை கேட்பதே இல்லை. அபிநயா சிரித்துக்கொண்டே கேட்பாள். பேச்சி மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, முழுசாகக் கேட்பாள். சிறு பிள்ளையிலிருந்தே அவள் கெட்டிக்காரி.

லூர்தும் போகும்போது ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போகிறவன். "பாரம் மடியில கெடக்கட்டும், தலையில எதுக்கு?" என்றான். சிரித்துக்கொண்டேதான் மாட்டினான். அது எனக்கு விளம்பரம்.

ஜூலை 31, வெள்ளி

ஆடி வெள்ளி. பேச்சி கூழ் காய்ச்சினாள். தன் ஹெல்மெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து சாமி அலமாரியில் வைத்திருந்தாள். "உங்க கையால செஞ்சதுண்ணே, முதல் உருப்படி" என்றாள்.

பெட்ரோல் பங்குக்கு எதிரில் உள்ள டீக்கடையில் பந்தலுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நன்றாகப் போகிறது. வெளிநாட்டு ஆர்டர் வரும் என்று டீக்கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்தால் அவருக்குத் திடீரென்று அதிர்ச்சி ஆகக்கூடாது அல்லவா.

மதியம் ஒரு சின்னச் சம்பவம். ஒருவன் ஹெல்மெட்டை வாங்கி மாட்டி, பங்கில் நுழைந்து, அதைக் கழற்றி டேங்கின் மேல் வைத்துப் பெட்ரோல் போட்டிருக்கிறான். சிந்தியிருக்கிறது. பெட்ரோல் பட்டால் தெர்மாகோல் ஐஸ் மாதிரிக் கரையும். இது தொழில்காரனுக்குத் தெரிந்ததுதான். நானே பெட்ரோல் தொட்டுத்தான் பூ வேலை போடுவேன். அவன் கையில் கறுப்புக் காகிதமும் நாடாவும் பிசின் மாதிரி ஒன்றும் தொங்க என் முன்னால் வந்து நின்றான்.

"யோவ், என்னய்யா இது? உன் ஹெல்மெட்டு அழுகுது!"

"பெட்ரோலைக் குடுத்தா நீங்களும்தான் அழுவீங்க" என்றேன். டீக்கடையே சிரித்தது. வேறு ஒன்று கொடுத்து அனுப்பினேன். 'பெட்ரோல் படாமல் வைக்கவும்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். எழுத்து அழகு பிரசித்தம்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

அபிநயா ஒரு வேலை செய்யப் பார்த்தாள். ஒரு ஹெல்மெட்டுக்குள் பூசணிக்காயைக் கட்டி மொட்டை மாடியிலிருந்து போட்டுப் பார்க்கலாம் என்றாள். நான் பூசணிக்காய் வீணாகும் என்றேன்.

"அப்ப வீணாகும்னு உங்களுக்கே தெரியுது மாமா."

"சாப்பாட்டுப் பொருளை எறியுறது தப்பு."

கீழேயிருந்து பேச்சி சத்தம் போட்டாள். "ஏட்டி, மாமாகிட்ட என்ன வாயாடுத? அவுக போட்டுப் பாக்காமலா குடுப்பாக? கன்னியாகுமரியிலேருந்து வந்த ஒருத்தர் இதைப் போட்டுக்கிட்டுப் பாலத்துலேருந்து விழுந்து, எந்திரிச்சு, மண்ணைத் தட்டிவிட்டுட்டுப் போயிட்டாராம். தெரியுமா?"

கன்னியாகுமரிக்காரர் விவரத்தை வெள்ளிக்கிழமை கூழ் குடிக்கும்போது சொல்லியிருந்தேன். பாலம் அவளாகச் சேர்த்தது. நான் சொன்னது வெறும் மேடு.

"மாமா, நீங்க ஏன் இன்னும் பழைய ஹெல்மெட்டையே போடுறீங்க?" என்று அபிநயா கேட்டாள்.

முதலாளி தன் சரக்கைத் தானே எடுத்துப் பழகினால் விற்பனைக்குப் பற்றாது. அதை அவளுக்கு விளக்கினேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ஆடிக்காற்று இந்த வருஷம் அசுரக் காற்று. பேச்சி பள்ளிக்கூடத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். பைபாஸ் திருப்பத்தில் காற்று ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதாம். இவள் பைக்கை நிறுத்தச் சொல்லி, இறங்கி, பின்னாலேயே ஓடியிருக்கிறாள். தீப்பெட்டி லாரி ஒன்று பிரேக் போட்டு நின்றதாம். டிரைவர் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னானாம்.

"எதுக்குப் பிள்ள ஓடின? அது போனாப் போகுதுன்னு விட வேண்டியதுதானே?"

"நல்லா இருக்கே! முதல் உருப்படிண்ணே."

நாடாவை இரட்டையாகத் தைத்தேன். இரவுச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. புளிக்குழம்பில் புளி அதிகம்.

ஆகஸ்ட் 12, புதன்

லூர்து விழுந்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

நேற்று எழுத நேரமில்லை. விவரம் இதுதான்.

கொடை முடிந்த ஊரிலிருந்து ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு பையனின் பைக்கில் வந்திருக்கிறான். நாய் குறுக்கே வந்திருக்கிறது. வண்டி மெதுவாகத்தான் வந்ததாம். இரண்டு கையிலும் ஆம்ப்ளிஃபயர், ஊன்றக் கை இல்லை. தலை போய்ச் சாலையோரக் கல்லில் அடித்திருக்கிறது. தலையில் நம் ஹெல்மெட். அது இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. இதைத்தான் பேச்சியிடமும் சொன்னேன். "சாமி புண்ணியம்ணே, நீங்க குடுத்ததாலதான் உசிரோட இருக்காக" என்றாள்.

நான் போனபோது நர்ஸ் ஒருத்தி அவன் காதுக்கு மேல் முடியைச் சிரைத்துவிட்டு, இடுக்கியால் வெள்ளை மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். மணி எல்லாம் சிவப்பாகியிருந்தது.

"என்னது இது, புண்ணுக்குள்ள பாசிமணி கணக்கா? மீன் பொட்டி மேல விழுந்தாரா?" என்று கேட்டாள்.

"பேக்கிங் அயிட்டம்" என்றேன்.

லூர்து கண்ணைத் திறந்தான். "வா சுந்தரராஜ்" என்றான். சுந்தரராஜ் அவன் தம்பி. இறந்து நாளாயிற்று. நான் "ம்" என்றேன்.

அவன் மனைவி ஜெயமேரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். துணிக்கடைப் பை ஒன்றை என்னிடம் நீட்டினாள். உள்ளே ஹெல்மெட். நாலைந்து துண்டாக இருந்தது. "உங்க சாமான்ணே. எடுத்துக்கோங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

பையை வரும் வழியில் எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

டீக்கடையில் தொங்கியதையெல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டேன். "ஏன்?" என்றார் டீக்கடைக்காரர். வெளிநாட்டு ஆர்டர் என்றேன். வாங்கிப் போனவர்களில் முகம் தெரிந்தவர்களைத் தேடிப் போய், புது மாடல் தருகிறேன் என்று சொல்லித் திருப்பி வாங்கினேன். பாதிப் பேர் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். தூக்கிப் போடுவதுதானே அதன் சிறப்பு, சந்தோஷம் என்றேன். முகம் தெரியாதவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

சாயங்காலம் கடைக்குப் போய் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் கேட்டேன். இருப்பதிலேயே லேசானதைத் தராசில் வைத்துக் காட்டச் சொன்னேன். கடைக்காரன் "தலைக்கு வாங்குறீங்களா, கறி வாங்குறீங்களா?" என்றான். என்னிடம் வாய் கொடுக்கிறான். நான் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கே ஆச்சரியம்.

பேச்சியிடம் கொடுத்தேன். தலையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றினாள்.

"கழுத்து இழுக்குண்ணே. எனக்கு என்னோடதே போதும். லூர்தண்ணனையே காப்பாத்தின சாமான். இதை அபிக்குக் குடுங்க."

ஆகஸ்ட் 15, சனி

காலையில் கொடியேற்றத்துக்குப் பேச்சி பள்ளிக்கூடம் போனாள், தன் ஹெல்மெட்டோடு. திரும்பி வரும்வரை வாசலில் நின்று அடுத்த வீட்டுக்காரரிடம் சுதந்திரப் போராட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டேன். அவருக்குக் கோபம். சிறையில் கஞ்சி ஊற்றும் இடத்தில் விட்டுவிட்டேன்.

பிறகு சில யுக்திகள் செய்தேன்.

இந்த மாடலைப் போலீஸ் தடை பண்ணிவிட்டது என்றேன். "நான் சொல்லிக்கிடுதேண்ணே, அந்தப் போலீசுக்காரருக்கு எங்க பள்ளிக்கூடத்துல பிள்ளை படிக்கி" என்றாள்.

கறுப்பு நிறம் ஆவணிக்கு ஆகாது என்று ஜோசியர் சொன்னார் என்றேன். சிவப்புச் சாயம் அடித்துத் தரச் சொன்னாள்.

முதல் உருப்படியை மியூசியத்தில் கேட்கிறார்கள் என்றேன். அவள் கண் விரிந்தது. "அப்ப நாள் முழுக்க அங்க வச்சிருக்கட்டும், போக வர மட்டும் எனக்குக் குடுத்திரச் சொல்லுங்க" என்றாள்.

இவ்வளவு வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் தள்ளியதில்லை. இன்றும் எதையும் தள்ளவில்லை. அதுதான் சிரமமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மாடியில் இருந்த ஹெல்மெட்டுகளை எல்லாம் கிழித்து மூட்டை கட்டினேன். பேச்சியுடையது சாமி அலமாரியில். கதவு திறந்துதான் இருந்தது. சாமி சாமானில் கை வைப்பது எப்படி?

அபிநயா மூட்டையைப் பார்த்தாள். "அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா மாமா?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை.

"நீ சொன்னா நம்ப மாட்டா" என்றேன். "நான் சொல்லுதேன்."

நாளை ஆவணி ஒன்று. பள்ளிக்கூடம் உண்டு. உண்மையைச் சொல்வதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. பழக்கம் மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 17, திங்கள்

மாப்பிள்ளை பைக்கை வெளியே எடுத்து உதைத்துக்கொண்டிருந்தார். பேச்சி பையைத் தோளில் மாட்டி, ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, நாடாவை முடிந்தாள்.

"பேச்சி, அதைக் கழட்டு."

"என்னண்ணே?"

"அது ஹெல்மெட் இல்ல. மேடையில ஒட்டுற தெர்மாகோலு. உனக்குக் கழுத்து வலிக்கக் கூடாதுன்னு செஞ்சேன். அடிபட்டா ஒண்ணுத்துக்கும் ஆகாது."

அவள் சிரித்தாள். "லாரி ஏறினாலும் நசுங்காதுன்னு சொன்னீங்க."

"சும்மா சொன்னேன்."

"கன்னியாகுமரிக்காரரு?"

"அப்படி யாரும் இல்ல."

"அப்ப லூர்தண்ணனைக் காப்பாத்தினது?"

"காப்பாத்தல. அவன் புண்ணுக்குள்ளேருந்து இதைத்தான் பொறுக்கி எடுத்தாங்க. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

பேச்சி என் முகத்தையே பார்த்தாள். கதை கேட்கும்போது பார்ப்பது போலத்தான், முழுசாக. பிறகு தலையை ஆட்டினாள்.

"இப்பத்தாண்ணே நீங்க பொய் சொல்லுதீங்க. லூர்தண்ணன் வீட்ல ஏதோ பேசிட்டாங்க. அதுல மனசு விட்டுப்போயி, உங்க சாமானையே நீங்க மட்டமாப் பேசுதீங்க. யாரு என்ன சொன்னா என்ன? எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு பைக் பக்கம் நடந்தாள்.

என் வாழ்க்கையில் என்னைப் பொய்யன் என்று அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. கிட்டப் போய் நாடாவை அவிழ்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கண்ணுக்கு நேரே பிடித்து, உச்சியில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். சிரமமே இல்லை. விரல் மறுபக்கம் வந்து நின்றது. மணி மணியாகக் கோலத்தின் மேல் கொட்டியது.

அவள் ஹெல்மெட்டை வாங்கினாள். நான் போட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தாள். அதுவும் போனது. எடுத்துவிட்டு, இன்னோர் இடத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். அங்கேயும் போனது.

"லாரிக்கு முன்னால ஓடினேண்ணே" என்றாள். "இதைப் புடிக்க."

திண்டின் மேல் அதை வைத்துவிட்டு, பையைச் சரிசெய்துகொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். பைக்கை அணைக்காமலே கேட்டார்: "இத்தனை நாளு என் பின்னாலதானே மச்சான் உக்காந்து வந்தா. உங்களுக்கு முதல்லயே தெரியுமா, தெரியாதா?"

பைக் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

பேச்சி பஸ்ஸில் போனாள். பஸ்ஸில் வந்தாள். வெண்டைக்காய் வாங்கி வந்தாள்.

ஆகஸ்ட் 20, வியாழன்

லூர்து வீட்டுக்கு வந்துவிட்டான். போய்ப் பார்த்தேன். ஜெயமேரி காபி கொடுத்தாள். சர்க்கரை போட்டிருந்தாள். அது பெரிய விஷயம்.

"யாரு வந்திருக்கான்னு தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியாம? நம்ம ஹெல்மெட் கம்பெனி ஓனரு" என்றான் லூர்து. தலையைச் சுற்றிக் கட்டு. ஆள் மெலிந்திருந்தான். "வே, கிட்ட வந்து இந்தப் பக்கமாப் பேசும். வலது காதுல தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரி இருக்கு."

இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"சரியாப் போயிருமாம். ஆகாமலும் போகுமாம். டாக்டரும் உம்ம மாதிரிதான் பேசுதாரு" என்று சிரித்தான்.

நான் ஏதோ சொல்ல வேண்டும் என்று போனேன். மேடைக்கு எத்தனை ஷீட் வேண்டும் என்று பேசிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

ஆவணி முதல் முகூர்த்தம். பெரிய தாமரை மேடை. இதழ்களை நேற்றே வெட்டி வைத்திருந்தேன். சூட்டுக் கம்பி கையில் இரண்டு இடம் சுட்டுவிட்டது, பேசாமல் வேலை செய்தால் கவனம் சிதறுகிறது.

லூர்து வரக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். வந்துவிட்டான். சத்தத்தை வைத்த வைப்பில் மேளக்காரரே காதைப் பொத்தினார். பெண் வீட்டுக்காரர் வந்து குறைக்கச் சொன்னார். குறைத்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறியது. நான் மேடைக்குப் பின்னால் போகாமல் அவனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். கூடினால் கையைக் கீழே காட்டுவேன், குறைந்தால் மேலே. தாலி கட்டும்வரை அப்படியே ஓடியது. பார்த்தவர்கள் நான் கச்சேரிக்குத் தாளம் போடுகிறேன் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும்.

வீட்டில் சாப்பிடும்போது பேச்சி பரிமாறினாள். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரு வாரமாக நான் சாப்பாட்டில் எதுவும் பேசவில்லை என்று தோன்றியது. ஆரம்பித்தேன்.

"கூட்டம்னா கூட்டம் பேச்சி. மண்டபத்துல காலு வைக்க எடமில்ல. பொண்ணோட தாத்தா சிங்கப்பூர்ல இருந்தவரு. என் கையைப் புடிச்சுக்கிட்டு, இப்படி ஒரு தாமரையை அங்ககூடப் பாத்ததில்லன்னு அழுதுட்டாரு."

பேச்சி ரசக் கரண்டியைப் பாத்திரத்துக்கு மேல் நிறுத்தினாள்.

"நெசமாவாண்ணே?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. ரசம் வேண்டுமா, மோர் வேண்டுமா என்று கேட்பதைப் போல, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

சோற்றில் குழி பறித்தேன்.

"நல்லா இருக்குன்னு சொன்னாரு" என்றேன். "அழல. பின்னால நாலு வரிசை காலியாத்தான் கெடந்துச்சு."

"சரி" என்று ரசத்தை ஊற்றினாள்.

அவர் சிங்கப்பூரில் இருந்தது நிஜம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ரசம் ஆறிவிடும் என்று சாப்பிட்டேன்.